வெளிநாட்டு ஊழியரை எடுக்குமுன் உள்ளூரில் விளம்பரம்: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிறிய, நடுத்தர நிறுவனங்களின் மனிதவள வேலைகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஆள் கிடைக்காமல் தவிக்கும் முதலாளி, ஊரிலிருந்து வேலை தேடும் தம்பி, இங்கேயே பிறந்து வளர்ந்தும் நேர்முகத்துக்கு அழைப்பு வராத அக்கா என்று மூன்று பக்கத்திலிருந்தும் ஒரே விதியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். தொகைகளும் நாள்களும் அவ்வப்போது மாறுபவை என்பதால், எது எப்போதிலிருந்து நடப்பில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

இந்த விளம்பர விதி என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் (நிபுணர், மேலாளர், நிர்வாகிகளுக்கான வேலை அனுமதி) அல்லது எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைகளுக்கான அனுமதி) வெளிநாட்டு ஊழியர் ஒருவரை எடுக்க நினைக்கும் நிறுவனம், முதலில் அந்த வேலையை மைகரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்ய வேண்டும். அது அரசாங்கம் நடத்தும் வேலைத் தளம், விளம்பரம் போடக் கட்டணம் கிடையாது. வரும் விண்ணப்பங்களை நியாயமாகப் பரிசீலித்த பிறகுதான் மனிதவள அமைச்சிடம் பாஸுக்கு விண்ணப்பிக்கலாம்.

இதற்கு அடிப்படை, 2013 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட நியாயமான பரிசீலனைக் கட்டமைப்பு. விளம்பர விதி 2014 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்தது. இங்குள்ளவர்கள் காதில் விழாமலேயே நல்ல வேலைகள் கைமாறிவிடக்கூடாது என்பதுதான் நோக்கம்.

ஒர்க் பெர்மிட்டில் சமையல்காரர் எடுக்கிறேன். நானும் விளம்பரம் போட வேண்டுமா?

வேண்டாம். இந்த விதி எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கும் எஸ் பாஸுக்கும் மட்டும்தான். அவற்றுக்கு அடுத்த நிலை வேலைகளுக்கான ஒர்க் பெர்மிட்டுக்கு வேறு கட்டுப்பாடுகள் இருக்கின்றன: எந்த நாட்டிலிருந்து எடுக்கலாம், உள்ளூர் ஊழியர் எண்ணிக்கைக்கு எத்தனை பேர் எடுக்கலாம், அவருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை எவ்வளவு என்பவை. இந்திய உணவகங்கள் 2023 செப்டம்பர் முதல் இந்தியாவிலிருந்து சமையல்காரரை ஒர்க் பெர்மிட்டில் எடுக்க முடிகிறது. அவருக்கு மாதம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுக்க வேண்டும். அதற்கு முன்பு எஸ் பாஸ் எடுக்க வேண்டியிருந்ததால், பழைய பழக்கத்தில் இன்னும் சிலர் விளம்பரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள்.

ஒருவர் 14 நாள் என்கிறார், இன்னொருவர் 28 நாள் என்கிறார். எது சரி?

இரண்டும் ஒவ்வொரு காலத்தில் சரியாக இருந்தவைதான். 2014-இல் 14 நாளாகத் தொடங்கியது. அப்போது எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு மட்டும். கொவிட் காலத்தில் வேலை இழப்பு கூடியபோது, 2020 அக்டோபர் 1 முதல் 28 நாளாக்கினார்கள். எஸ் பாஸையும் அப்போதுதான் சேர்த்தார்கள். வேலைச் சந்தை தேறியதும் 2022 செப்டம்பர் 1 முதல் மறுபடி 14 நாளாகிவிட்டது. எஸ் பாஸ் மட்டும் விதிக்குள்ளேயே தங்கிவிட்டது.

14 நாள் என்பது தொடர்ச்சியான நாள்காட்டி நாள்கள். சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் சேர்த்தி. முழுதாக முடிந்த பிறகே பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

செய்தித்தாளில் போட்டோம், லிங்க்ட்இன்னிலும் போட்டோம். அது போதாதா?

போதாது. அங்கெல்லாம் போடுவதில் தவறில்லை, ஆனால் பாஸ் விண்ணப்பத்தில் கேட்பது மைகரியர்ஸ்ஃபியூச்சர் விளம்பரத்தின் எண்ணை. அது இல்லாவிட்டால், விலக்கு இருந்தாலொழிய, விண்ணப்பம் நகராது. வேலை முகவர் உங்கள் சார்பில் போடலாம். ஆனால் வந்த விண்ணப்பங்களைப் பரிசீலித்தீர்களா என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

யாருக்கெல்லாம் விலக்கு?

நான்கு சூழ்நிலைகள். நிறுவனத்தில் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்தால் விளம்பரம் தேவையில்லை. அந்த வேலையின் நிலையான மாதச் சம்பளம் 22,500 வெள்ளி அல்லது அதற்கு மேல் என்றால் தேவையில்லை. ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிக வேலை என்றால் தேவையில்லை. நிறுவனத்துக்குள்ளேயே இடமாற்றமாகி வருபவரைக் கொண்டு நிரப்பும் இடத்துக்கும் தேவையில்லை. வெளிநாட்டுக் கிளையிலிருந்து வருபவருக்கான இந்த விலக்கு, 'அவரும் எங்கள் குழுமம்தான்' என்று சொன்னதும் கிடைத்துவிடாது. அதற்கென்று தனி வரையறை உண்டு.

பழைய எண்களை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. முதலில் விலக்கு 25 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கும், 12,000 வெள்ளிச் சம்பளத்துக்கும் இருந்தது. 2018 ஜூலையில் 10 பேருக்குக் கீழ், 15,000 வெள்ளி என்று மாறியது. 2020 மே மாதம் 20,000 ஆனது. 2023 செப்டம்பர் 1 முதல்தான் 22,500. ஆண்டு போனஸையும் மிகைநேரச் சம்பளத்தையும் கூட்டி இந்தத் தொகையை எட்டிக் காட்ட முடியாது. மாதாமாதம் மாறாமல் வருவது மட்டுமே கணக்கு.

நாங்கள் மொத்தமே ஏழு பேர். அப்போ எங்களுக்குத் தொல்லை இல்லைதானே?

விளம்பரம் போட வேண்டாம், அவ்வளவுதான். நியாயமாக ஆள் எடுக்க வேண்டும் என்ற கடமையிலிருந்து யாருக்கும் விலக்கில்லை.

அப்புறம், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் காம்பஸ் புள்ளி முறை உங்களுக்கும் உண்டு. 2023 செப்டம்பரில் வந்த அந்த முறையில் தேறுவதற்கு 40 புள்ளிகள் வேண்டும். சம்பளம், கல்வித்தகுதி, ஊழியர்களில் பல நாட்டவர் கலந்திருப்பது, உள்ளூரில் ஆள் எடுப்பது என்ற நான்கு அடிப்படைகளில் ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20 புள்ளி. நிபுணர், மேலாளர், நிர்வாகி, தொழில்நுட்பர் என்ற பிரிவில் 25 பேருக்கும் குறைவாக இருக்கும் நிறுவனத்துக்குக் கடைசி இரண்டிலும் தலா 10 புள்ளி தானாகவே கிடைத்துவிடும். மீதி 20 புள்ளியைப் பொதுவாக அந்த விண்ணப்பதாரரின் சம்பளமும் படிப்பும்தான் கொண்டுவர வேண்டும். ஏழு பேர் நிறுவனத்தின் விண்ணப்பம் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எஸ் பாஸுக்குக் காம்பஸ் இல்லை, பதிலாக ஆள் எண்ணிக்கை ஒதுக்கீடும் தீர்வையும் உண்டு.

சம்பளத்தை வெளிப்படையாகப் போட்டே ஆக வேண்டுமா? மற்ற ஊழியர்கள் பார்த்தால் பிரச்சினை வருமே?

போட்டே ஆக வேண்டும். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டும் வேண்டும். அதிகபட்சம், குறைந்தபட்சத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. 4,000 முதல் 8,000 வரை என்று போடலாம், 4,000 முதல் 9,000 வரை என்று போட முடியாது. வெளிநாட்டவருக்கு நீங்கள் கொடுக்கப்போகும் சம்பளம் அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும்.

இதன் காரணத்தை யோசித்துப் பாருங்கள். 4,000 என்று விளம்பரம் போட்டு, அந்தச் சம்பளத்துக்கு உள்ளூரில் யாரும் வரவில்லை என்று காட்டிவிட்டு, வெளிநாட்டவருக்கு 7,000 கொடுத்தால் அது நியாயமான போட்டியா? 7,000 என்று தெரிந்திருந்தால் எத்தனை பேர் விண்ணப்பித்திருப்பார்கள்! மற்ற ஊழியர்கள் பார்ப்பார்கள் என்ற கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் விளம்பரத்தில் உள்ள சம்பளத்தைவிடக் குறைவாக அதே வேலையை ஒருவர் உங்களிடம் செய்துகொண்டிருந்தால், நீங்கள் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது அவரிடம்தான்.

பாஸ் கிடைக்கக் குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு? அதையே விளம்பரத்தில் போடலாமா?

எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200. எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் 3,300, நிதித்துறையில் 3,800. இவை இளம் வயதினருக்கான தொடக்கத் தொகை மட்டுமே. வயது ஏற ஏறத் தேவைப்படும் சம்பளமும் ஏறும். நாற்பது வயதுக்காரரை 5,600 வெள்ளிக்கு எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு விளம்பரம் செய்துவிட்டு, பாஸ் கிடைக்காமல் முதலிலிருந்து தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். விளம்பரம் போடுமுன் அமைச்சின் இணையதளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விளம்பரம் போட்டபின் சின்னத் திருத்தம் செய்தால் பரவாயில்லையா?

விளம்பரத்தை மாற்றினால் 14 நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பதினோராம் நாள் மேலாளர் சம்பள வரம்பை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினோம். பழைய தேதியை வைத்தே விண்ணப்பிக்கலாம் என்று அவர் வற்புறுத்தினார், நான் மறுத்தேன். இரண்டு வாரம் தாமதமானது, வாடிக்கையாளரிடம் பேச்சும் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் சம்பளம் உயர்ந்த பிறகுதான் தகுதியான உள்ளூர் விண்ணப்பங்கள் வந்தன. அவர்களில் ஒருவர் இன்றும் அந்த வேலையில் இருக்கிறார்.

அதனால் முதல் நாளே வேலைப் பெயர், பொறுப்புகள், சம்பளம், எத்தனை இடங்கள் ஆகியவற்றை இறுதி செய்துவிட்டுப் போடுங்கள். ஓர் இடத்துக்கென்று விளம்பரம் போட்டு மூன்று பாஸுக்கு விண்ணப்பிக்க முடியாது.

விளம்பரத்தில் எதையெல்லாம் எழுதக்கூடாது?

'எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை', 'இந்த நாட்டுக்காரர் விரும்பத்தக்கது' போன்ற எதையும் எழுதக்கூடாது. வயது, இனம், சமயம், ஆணா பெண்ணா, திருமணம் ஆனவரா என்பதும் கூடாது. 'இளமையான குழு' என்பதுபோலச் சுற்றி வளைத்து எழுதினாலும் அதே பொருள்தான்.

மொழியைப் பற்றி நம்மவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று எழுதலாமா? வேலைக்கு அது உண்மையிலேயே தேவை என்றால் எழுதலாம், காரணத்தையும் சொல்லிவிடுங்கள். தமிழ் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், தமிழ் மட்டுமே பேசும் முதியோரைக் கவனிப்பவர் என்றால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஒரு கணக்காளருக்குத் தமிழ் கட்டாயம் என்று எழுதினால், மற்ற இனத்தவரை வெளியே நிறுத்த ஒரு வேலி கட்டியதாகவே அது படும்.

ஆளை ஏற்கனவே பார்த்து முடிவு செய்துவிட்டோம். சம்பிரதாயத்துக்கு விளம்பரம் போட்டால் போதும்தானே?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்பதிலிருந்தே, தவறு என்று அவர்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். போதாது. முன்பே ஒருவரை முடிவு செய்துவிட்டு மற்றவர்களைப் பரிசீலிக்காமல் விடுவது இந்தக் கட்டமைப்பை மீறும் செயல். பாஸ் விண்ணப்பத்தில், வந்தவர்கள் எல்லாரையும் நியாயமாகப் பரிசீலித்தோம் என்று உறுதிமொழி கொடுக்கிறீர்கள். பரிசீலிக்காமல் அப்படிச் சொன்னால் அது பொய் அறிவிப்பு.

ஒரு வெளிநாட்டவரை முன்பே தெரிந்திருப்பது தவறல்ல. உங்களோடு முன்பு வேலை செய்தவராக இருக்கலாம், நண்பர் சொல்லி வந்தவராக இருக்கலாம். அவரையும் ஒரு விண்ணப்பதாரராக வைத்துக்கொள்ளுங்கள். வந்த மற்ற விண்ணப்பங்களைத் திறந்து படியுங்கள், தகுதி உள்ளவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள், எல்லாரையும் ஒரே அளவுகோலில் பாருங்கள். முடிவில் அவர்தான் சிறந்தவர் என்றால் அவரை எடுங்கள்.

அந்தத் தளத்தில் விண்ணப்பிக்கும் ஒருவர் எத்தனை இரவு உட்கார்ந்து தன் விவரக்குறிப்பைத் திருத்தியிருப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்களோடும் உட்கார்ந்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் ஆட்குறைப்பில் வேலை இழந்த ஒரு தளவாட மேற்பார்வையாளரின் விண்ணப்பம், எங்களுக்கு வந்த அறுபதில் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மேலாளர் முதல் இருபதோடு நிறுத்திவிட்டார். நான் மீதியையும் படித்ததால் அவரை நேர்முகத்துக்கு அழைத்தோம். அவருக்கு அந்தக் கிடங்கு மென்பொருள் ஏற்கனவே அத்துப்படி. வெளிநாட்டிலிருந்து ஆள் தேடும் பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை.

அப்படியானால் சிங்கப்பூரரைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமா?

இல்லை. நியாயமாகப் பரிசீலிக்க வேண்டும் என்பதுதான் விதி. தகுதியின் அடிப்படையில் வெளிநாட்டவர் தேர்வானால் அவரை எடுக்கலாம். ஆனால் 'உள்ளூர்க்காரர் சீக்கிரம் வேலையை விட்டுப் போய்விடுவார்', 'தேசிய சேவைக்குக் கூப்பிடுவார்கள்' என்பவை தகுதிக் காரணங்கள் அல்ல. வேலைக்குத் தேவையான திறனோடு சம்பந்தப்பட்ட காரணத்தை எழுத முடியவில்லை என்றால், உங்களிடம் சரியான காரணம் இல்லை என்று பொருள்.

பிடிபட்டால் என்ன ஆகும்? அபராதம் கட்டிவிட்டுப் போகலாமா?

2020 ஜனவரியில் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். பாகுபாடு காட்டிய நிறுவனத்துக்குக் குறைந்தது 12 மாதம், அதிகபட்சம் 24 மாதம் வெளிநாட்டு ஊழியர்களை எடுக்கும் உரிமை நிறுத்தப்படலாம். புதிய பாஸ் மட்டுமல்ல, இருப்பவர்களின் பாஸைப் புதுப்பிக்கவும் முடியாது. ஐந்து பேர் வெளிநாட்டவர் உள்ள நிறுவனத்தில், ஒருவர் விஷயத்தில் செய்த தவறு மற்ற நால்வரின் குடும்பங்களையும் ஊருக்கு அனுப்பிவிடும். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த நால்வர் என்ன தவறு செய்தார்கள்?

பொய் அறிவிப்புக்கு வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரலாம். 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

நான் திருச்சியில் இருக்கிறேன். அந்தத் தளத்தில் என் படிப்புக்கேற்ற வேலை பார்த்தேன். விண்ணப்பிக்கலாமா?

பார்க்கலாம், ஆனால் அதன் வழியாக விண்ணப்பிக்க முடியாது. அது சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது, சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் கொண்டு உள்ளே போக வேண்டும். நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ பொதுவான வேலைத் தளங்களிலோ அதே வேலை இருந்தால் அங்கே விண்ணப்பியுங்கள்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். அங்கே விளம்பரம் இருக்கிறது என்பதாலேயே அது வெளிநாட்டவருக்காகப் போட்டது என்று ஆகிவிடாது. உள்ளூர் ஆளை மட்டுமே தேடும் நிறுவனங்களும் அங்கேதான் போடுகின்றன.

ஏஜென்ட் 'விளம்பரம் போட்டாச்சு, பாஸ் நிச்சயம்' என்று மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா தம்பி?

கொடுக்காதீர்கள் அண்ணே. விளம்பரம் போட்டது பாஸுக்கு உத்தரவாதம் அல்ல. முன்பு சொன்ன காம்பஸ் புள்ளி, சம்பளத் தகுதி எல்லாவற்றையும் தாண்டி அமைச்சு ஒப்புதல் கொடுத்தால்தான் பாஸ். அதற்கு முன்னால் யாராலும் 'நிச்சயம்' என்று சொல்ல முடியாது.

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர் ஊழியரிடம் வாங்கும் கட்டணத்துக்குப் பொதுவாக உச்சவரம்பு உண்டு: ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. வேலை கொடுப்பதற்காக முதலாளியே உங்களிடம் பணம் வாங்கினால் அது குற்றம், 30,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். முகவரின் உரிமத்தை அமைச்சின் இணையதளத்தில் சரிபார்க்க முடியும். நகையை அடகு வைக்குமுன் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்துவிடுங்கள்.

பாஸைப் புதுப்பிக்கும்போதும் விளம்பரம் போட வேண்டுமா?

அதே நிறுவனத்தில் தொடர்ந்தால் வேண்டாம். வேறு நிறுவனத்துக்கு மாறினால் அது புதிய விண்ணப்பம், எனவே அந்த நிறுவனம் விளம்பரம் போட்டிருக்க வேண்டும். காம்பஸ் மட்டும் 2024 செப்டம்பர் முதல் புதுப்பித்தலுக்கும் பொருந்துகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என் மனைவி டிபென்டன்ட் பாஸில் இருக்கிறார். இங்கேயே இருப்பவர்தானே, விளம்பரம் எதற்கு?

முன்பு டிபென்டன்ட் பாஸில் (வேலை பாஸ் வைத்திருப்பவரின் குடும்பத்தாருக்கான அனுமதி) இருப்பவர், தனி வேலை பாஸ் இல்லாமல் அமைச்சு தரும் ஒப்புதல் கடிதத்திலேயே வேலை செய்ய முடிந்தது. 2021 மே 1 முதல் டிபென்டன்ட் பாஸில் உள்ளவர் வேலைக்குச் சேர அவருக்கென்று தனி வேலை பாஸ் வேண்டும். அது எம்ப்ளாய்மென்ட் பாஸோ எஸ் பாஸோ என்றால், விலக்கு இல்லாத நிறுவனம் விளம்பரம் போட்டாக வேண்டும். சிங்கப்பூரரை அல்லது நிரந்தரவாசியை மணந்து நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவர்களுக்கு ஒப்புதல் கடித வழி இன்னும் உண்டு, அதற்கு விளம்பரம் தேவையில்லை.

நான் சிங்கப்பூரர். விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன், பதிலே இல்லை. பிறகு அந்த இடத்தில் வெளிநாட்டவரைப் பார்த்தேன். என்ன செய்யலாம்?

முதலில் ஆதாரங்களைச் சேருங்கள். விளம்பரத்தின் படம், அதன் எண், நீங்கள் விண்ணப்பித்த தேதி, வந்த மின்னஞ்சல்கள். அவற்றோடு நியாயமான, முற்போக்கான வேலை நியமன நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் புகார் செய்யலாம். டாஃபெப் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். பதில் வராதது ஒன்றே பாகுபாட்டுக்கு ஆதாரமாகிவிடாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் தகுதியான பலரை ஒரு நிறுவனம் தொடர்ந்து ஒதுக்கியிருந்தால், உங்களைப் போன்றவர்களின் புகார்களிலிருந்துதான் அது வெளியே வரும்.

பணியிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, 2027 இறுதியில் நடப்புக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. வயது, நாட்டுரிமை, இனம், சமயம், கர்ப்பம், உடற்குறை, மனநலம் போன்ற காரணங்களுக்காகப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்வதற்கான சட்டம் அது. சிங்கப்பூரரையும் நிரந்தரவாசியையும் முன்னுரிமை கொடுத்து எடுப்பதை அது தடுக்கவில்லை. தொடக்கத்தில் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கு. விளம்பர விதியில் உள்ள 10 பேர் கணக்கோடு இதைக் கலந்துவிடாதீர்கள்.

கடைசியில் இரண்டு பேர் சமமாக நிற்கிறார்கள், ஒருவர் உள்ளூர், ஒருவர் வெளிநாடு. யாரை எடுப்பது?

என்னைக் கேட்டால், உள்ளூர்க்காரரை. இருவரும் உண்மையிலேயே சமம் என்றால், பாஸ் கிடைக்குமா என்று காத்திருக்க வேண்டியதில்லை, எஸ் பாஸ் ஊழியருக்குக் கட்ட வேண்டியிருக்கும் தீர்வையும் மிச்சம், காம்பஸில் உள்ளூர் வேலைவாய்ப்புக்கான பங்கும் கூடும்.

வெளிநாட்டவரை எடுப்பதென்று முடிவு செய்தால், அன்றே காரணத்தை எழுதி வையுங்கள். யார் யார் விண்ணப்பித்தார்கள், யாரை அழைத்தோம், என்ன கேள்வி கேட்டோம், எதில் இவர் மேலாக இருந்தார் என்று ஒரு பக்கம் போதும். ஒரு வருடம் கழித்து அமைச்சிலிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தால், நினைவிலிருந்து எழுதுவது முடியாத காரியம். அழைக்கப்பட்ட அந்த உள்ளூர் விண்ணப்பதாரருக்கும் 'இந்த முறை உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை' என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். அவர் அந்த மின்னஞ்சலுக்காகத் தினமும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.